குழந்தையின் அருகில் அமர யாருக்கு நேரமுண்டு?

சிறு குழந்தைகளுக்கு நற்குணங்களைத் தொலைக்காட்சி வழியே கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பெற்றோருக்கான அறிவுரையே விடையாகத் தரப்படுகிறது. நல்ல நிகழ்ச்சியாகத் தேர்ந்தெடுங்கள், பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள், குழந்தையோடு சேர்ந்து பாருங்கள், பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள் என்கின்றனர் வல்லுநர்கள். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பி இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் ஒரு தாய் அதை எப்படி நிறைவேற்றுவார் என்பதை எந்த வல்லுநரும் சொல்வதில்லை. குழந்தையின் குணத்தைப் பற்றிய பேச்சு, உழைப்பவரின் நேரத்தைப் பற்றிய பேச்சாக மாற வேண்டிய இடத்தில் நின்றுவிடுகிறது.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்துள்ள ஸ்ரீவராகத்தை எடுத்துக்கொள்ளலாம். வராகர் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் கொண்ட இந்தப் பகுதியிலும், அதைச் சூழ்ந்த மணக்காடு, சாலைக் கடைத்தெரு ஆகிய இடங்களிலும் மலையாளமும் தமிழும் தலைமுறைகளாகக் கலந்து ஒலிக்கின்றன. துணிக்கடைகளிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் பிறர் வீடுகளிலும் வேலை செய்வோர் பலர் இத்தகைய பகுதிகளில் வாழ்கின்றனர். அவர்கள் திரும்பி வரும்வரை சிறு பிள்ளைக்குத் துணை, பாட்டி இருந்தால் பாட்டி, இல்லையேல் தொலைக்காட்சி. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பூஜப்புரையில்தான் கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான கைட் விக்டர்ஸ் இயங்குகிறது. அந்தப் பொது அலைவரிசை இந்தப் பிள்ளையிடம் என்ன பேசுகிறது, பேசி முடித்த பின் அந்தப் பிள்ளையிடம் யார் பேசுகிறார் என்பவையே இங்கு எழுப்பப்பட வேண்டிய கேள்விகள்.

குழந்தை திரையிலிருந்து எதைக் கற்கிறது?

திரையில் காண்பதைக் குழந்தை நடத்தையாக்கிக் கொள்கிறது என்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துக் காட்டப்பட்ட உண்மை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் 1961இல் நடத்திய ஆய்வில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள் அதே பொம்மையை அதே விதமாக அடித்தனர். 1963இல் அதே காட்சி திரைப்படமாகக் காட்டப்பட்டபோதும் பிள்ளைகள் அடித்தனர். வன்முறையைப் போலிசெய்யக் குழந்தைக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

நற்குணத்தின் கதை இவ்வளவு எளிதாக இல்லை. 2008இல் மேரி லூயிஸ் மேர்ஸ், எமிலி அகோஸ்டா ஆகிய ஆய்வாளர்கள் ஒரு கார்ட்டூன் கதையை மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டினர். மூன்று கால் கொண்ட நாயைக் கண்டு மற்ற நாய்கள் முதலில் அஞ்சி விலகுகின்றன. பிறகு அதனோடு நட்பாகின்றன. நம்மிலிருந்து வேறுபட்டவரையும் மதிக்க வேண்டும் என்பதே கதையின் பாடம். கதை சொல்வது என்ன என்று கேட்டபோது, மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்ற அளவிலேயே பல பிள்ளைகள் பதில் கூறினர். நாயிலிருந்து மனிதருக்குப் பாடத்தைக் கொண்டுசெல்ல அந்த வயதில் பெரும்பாலோரால் முடியவில்லை. இத்தகைய கதைகளின் அமைப்பும் இதற்கொரு காரணம். கேலியும் சண்டையும் ஒதுக்கலும் கதையின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்கின்றன. திருந்துதல் கடைசி நிமிடங்களில் நிகழ்கிறது. நான்கு வயதுப் பிள்ளையின் மனத்தில் எது தங்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

அப்படியானால் தொலைக்காட்சியால் பயனே இல்லையா? உண்டு என்கிறது மற்றோர் ஆய்வு. அமெரிக்கப் பொது ஒளிபரப்பில் 2012 முதல் வரும் 'டேனியல் டைகர்' என்ற நிகழ்ச்சியைப் பற்றி 2016இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. பிறர் உணர்வை அறிதல், இரக்கம், தன்னால் இயலும் என்ற நம்பிக்கை ஆகியவை அந்நிகழ்ச்சியைப் பார்த்த பிள்ளைகளிடம் கூடியிருந்தன. ஆனால் பார்ப்பவற்றைப் பற்றிப் பெற்றோர் வழக்கமாகப் பேசும் வீடுகளின் பிள்ளைகளிடமே இந்தப் பயன் தென்பட்டது. திரை தருவது ஒரு நிகழ்வு. அதைப் பண்பாக மாற்றுவது, "அந்தப் பூனைக்கு அப்போது எப்படி இருந்திருக்கும்?", "நேற்று நீ பந்தைத் தராதபோது தம்பி ஏன் அழுதான்?" என்று அருகிலிருந்து கேட்கும் ஒரு மனிதக் குரல்.

சந்தை வளர்க்கும் குணம்

அந்தக் குரல் இல்லாத வீட்டில் திரை தனியே பேசுகிறது. பெரும்பாலும் பேசுவது சந்தைதான். தமிழில் சன் குழுமம் 2007இல் சுட்டி டிவியைத் தொடங்கியது. அதில் தமிழ் பேசி வந்த டோரா கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகச் சில நொடிகள் காத்திருப்பாள். வீட்டிலுள்ள பிள்ளையும் உரக்கப் பதில் சொல்லும். உரையாடலின் தேவையை உணர்ந்த உத்தி அது. ஆனால் பிள்ளை தவறாகச் சொன்னாலும் சொல்லாமலே இருந்தாலும் டோரா அடுத்த வரிக்குப் போய்விடுவாள். கேட்பது போன்ற தோற்றத்தைத் திரையால் தர முடியும், கேட்க முடியாது.

இந்தியாவில் தயாரான கார்ட்டூன்களில் மிகப் புகழ்பெற்றது 2008இல் போகோ அலைவரிசையில் தொடங்கிய 'சோட்டா பீம்'. நண்பர்களுக்கு உதவுதல், அநியாயத்தை எதிர்த்தல் ஆகிய குணங்கள் அதில் உண்டு. அதே கதையில் பொறாமையும் முரட்டுத்தனமும் கொண்டு பீமோடு மோதும் சிறுவனின் பெயர் காலியா. கறுப்பைக் குறிக்கும் பெயர் அது. நற்குணம் ஒரு பக்கமும் கறுப்புப் பெயர் மறுபக்கமும் நிற்கும் காட்சியை நாள்தோறும் காணும் பிள்ளை, நிறத்தையும் குணத்தையும் முடிச்சுப் போட எவரும் தனியே சொல்லித்தர வேண்டியதில்லை. சாதியும் நிறவெறியும் ஊறிய சமூகத்தில் இதைச் சிறு விஷயமென்று ஒதுக்க இயலாது. இதையும் அருகில் இருக்கும் ஒருவர் கேள்விக்குள்ளாக்கினால் பாடமாக மாற்றலாம். கேட்க ஆளில்லாதபோது அது இயல்பாகிவிடுகிறது.

கதைக்கு நடுவே வருவது விளம்பரம். பகிர்ந்து உண் என்று கதை சொல்லும். எனக்கு மட்டும் வேண்டும் என்று விளம்பரம் சொல்லும். தனியார் அலைவரிசையின் வருவாய் கதையிலிருந்து வருவதில்லை, விளம்பரத்திலிருந்து வருகிறது. மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் என்ற வரம்பை இந்திய விதிகள் விதித்துள்ளன. குழந்தைகளை நோக்கிய விளம்பரத்தை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் இங்கில்லை. கனடாவின் கியூபெக் மாநிலம் 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய வணிக விளம்பரத்தை 1980லிருந்து தடைசெய்துள்ளது. சுவீடன் 1991இலிருந்து 12 வயதுக்குட்பட்டோருக்கான தொலைக்காட்சி விளம்பரத்தை அனுமதிப்பதில்லை. இவை சோசலிச நாடுகள் அல்ல. குழந்தையை நுகர்வோராக நடத்துவதற்கு முதலாளித்துவத்துக்குள்ளேயே எல்லை வகுக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

பொது ஒளிபரப்பையும் சந்தை விட்டுவைப்பதில்லை. அமெரிக்க ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு ஆயத்தமாக வர வேண்டும் என்ற நோக்கத்தோடு அரசு நிதியும் அறக்கட்டளை நிதியும் கொண்டு 1969 நவம்பரில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சிக்கு என்ன நேர்ந்தது? அதன் ஒளிபரப்பு தெளிவாகக் கிடைத்த பகுதிகளின் பிள்ளைகள் பள்ளியில் பின்தங்குவது குறைந்தது என்று மெலிசா கெர்னி, பிலிப் லெவைன் ஆகிய பொருளியலாளர்கள் பின்னர் காட்டினர். அப்படிப்பட்ட நிகழ்ச்சியின் புதிய பகுதிகள், 2015இல் செய்யப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின்படி, கட்டணம் செலுத்துவோருக்கான எச்பிஓவில் முதலில் வந்தன. இலவசப் பொது ஒளிபரப்பைப் பார்க்கும் பிள்ளைகள் ஒன்பது மாதம் காத்திருக்க நேர்ந்தது. 2025 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. ஏழைப் பிள்ளைக்காகப் பிறந்ததும் பணமுள்ள பிள்ளைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது.

ஒரே ஆண்டில் தொடங்கிய இரு திட்டங்கள்

தொலைக்காட்சியைக் கல்விக்குப் பயன்படுத்துவதில் இந்தியா பின்தங்கித் தொடங்கவில்லை. திருவனந்தபுரத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளத்தை நிறுவிய விக்ரம் சாராபாய், செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சி நாட்டின் கிராமங்களுக்கே முதலில் போக வேண்டும் என்று வாதிட்டவர். அவர் 1971 டிசம்பரில் கோவளத்தில் மறைந்தார். அவருடைய கனவு 1975 ஆகஸ்டு 1 அன்று செயலுக்கு வந்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ் 6 செயற்கைக்கோளை ஓராண்டு காலம் பயன்படுத்தி, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது. கிராமத்துக்கு ஒரு பெட்டி என்பதால் எல்லாரும் கூடியே பார்த்தனர்.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடி பிறந்தது அப்போதுதான். ஒரு திட்டம் குழந்தைக்குத் திரையைத் தந்தது. மற்றொன்று குழந்தையின் அருகில் அமரும் ஒரு பெண்ணைத் தந்தது. இரண்டு மாத இடைவெளியில் தொடங்கிய இவ்விரண்டும் ஒன்றாக இணைந்து வளர்ந்திருந்தால் இந்நாட்டின் மழலையர் கல்வி வேறுவிதமாக இருந்திருக்கும். செயற்கைக்கோள் ஒப்பந்தம் ஓராண்டில் முடிந்தது. தூர்தர்ஷன் நகரத்தையும் விளம்பரத்தையும் நோக்கி நகர்ந்தது. அங்கன்வாடி ஊட்டச்சத்து மையமாக வளர்ந்து, கல்வி அதன் ஓரத்தில் நின்றது.

2020இல் கேரளம் செய்தது

இரண்டையும் இணைக்கும் முயற்சி ஒன்று பெருந்தொற்றின் நெருக்கடியில் பிறந்தது. 2020 மார்ச் 28 முதல் ஒன்றிய அரசின் தூர்தர்ஷன் 1987ஆம் ஆண்டின் ராமாயணத் தொடரை மறுஒளிபரப்புச் செய்தது. வீட்டில் அடைபட்ட மக்களுக்கு ஒன்றிய ஆட்சி அறிவித்த தொலைக்காட்சித் திட்டம் அது. கேரளம் வேறு வழியில் சென்றது. 2005 ஜூலை 28 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த விக்டர்ஸ் அலைவரிசை அரசின் கையில் இருந்ததால், 2020 ஜூன் 1 அன்றே 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் பள்ளி வகுப்புகள் வீடுகளுக்கு வந்தன.

முதல் நாளில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் மிட்டு, தங்கு என்ற பூனைகளின் கதையைச் சொன்னார். சமூக ஊடகங்களில் சிலர் அவரைக் கேலி செய்தனர். கேலி செய்தவர்கள் மீது கேரள மக்களின் கோபம் திரும்பியது. அந்த ஆசிரியையின் குரல் யாருக்காகப் பேசுகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் திரையைப் பார்த்துப் பதில் கூறினர்.

ஜூலையில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்காக 'கிளிக்கொஞ்சல்' தொடங்கியது. மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளவர்களுக்காக மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை விக்டர்ஸ் வழியே வழங்கிய அரைமணி நேர நிகழ்ச்சி அது. பாட்டும் கதையும் கைவேலையும் கொண்ட அந்நிகழ்ச்சியில் விளம்பரம் இல்லை. 33,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளைக் கொண்ட கேரளத்தில், மையங்கள் மூடப்பட்ட நாட்களிலும் உணவுப் பொருட்கள் பிள்ளைகளின் வீடுகளுக்கே கொண்டு சேர்க்கப்பட்டன. திரையில் தெரிந்த கதைக்கும் பிள்ளைக்கும் இடையே, பிள்ளையின் பெயரும் வீடும் அறிந்த ஒரு பெண் இருந்தார். 1975இல் தனித்தனியே பிறந்த இரு திட்டங்களும் 45 ஆண்டுகளுக்குப் பின் சந்தித்த இடம் இது.

இந்த அனுபவத்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. சுமார் 2.6 லட்சம் மாணவர்களுக்குத் தொலைக்காட்சியோ இணைய வசதியோ இல்லை என்பது கணக்கெடுப்பில் தெரியவந்தது. வாலிபர் சங்கத்தினர் வீடுவீடாகத் தொலைக்காட்சிப் பெட்டி திரட்டித் தந்தனர். நூலகங்களும் வாசகசாலைகளும் பொதுப் பார்வை மையங்களாயின. கூட்டு முயற்சியே அந்த இடைவெளியை நிரப்பியது. மொழி இடைவெளி அவ்வளவு எளிதாக நிரம்பவில்லை. பள்ளிப் பாடங்கள் தமிழ், கன்னட வழி மாணவருக்கு யூடியூப் மூலம் தரப்பட்டன. ஆனால் தாய்மொழிக் கதை மிகவும் தேவைப்படுவது மூன்று வயதுப் பிள்ளைக்குத்தான். இரக்கம், பொறுமை, வெட்கம், வருத்தம் ஆகிய சொற்களைப் பிள்ளை முதலில் கேட்பது வீட்டு மொழியில். பாலக்காடு, இடுக்கி எல்லைகளிலும் தலைநகரின் தமிழ்க் குடும்பங்களிலும் உள்ள மழலையருக்கு அவர்கள் மொழியில் ஒரு கிளிக்கொஞ்சல் வேண்டும். அட்டப்பாடியின் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே.

அருகில் அமர்பவர் யார்?

எல்லா ஆய்வுகளும் அனுபவங்களும் ஒரே இடத்துக்கு இட்டுச் செல்கின்றன: குழந்தையின் அருகில் ஒரு பெரியவர் அமர வேண்டும். அந்தப் பெரியவர்கள் இருவர். ஒருவர் பெற்றோர், மற்றவர் அங்கன்வாடி ஊழியர். இருவரின் நேரமும் இன்று அவர்களிடம் இல்லை.

துணிக்கடையில் நிற்கும் பெண்ணின் நிலையைப் பார்ப்போருக்கு இது புரியும். வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்காகக் கேரளத்தின் கடைப் பெண் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2018இல்தான் சட்டத் திருத்தம் வந்தது; தமிழ்நாட்டில் 2021இல் வந்தது. பகல் முழுவதும் நின்ற கால்களோடு வீடு திரும்பும் தாயிடம், குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து கார்ட்டூனின் அறநெறியை விவாதியுங்கள் என்று சொல்வது எவ்வளவு பொருத்தம்? 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்க வழிசெய்யும் திருத்தம் நிறைவேற்றப்பட்டபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அரசு பின்வாங்க நேர்ந்தது. அந்தப் போராட்டம் ஆலைவாயிலில் நடந்தாலும், அதில் காக்கப்பட்டது மாலை நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் தாயும் தந்தையுமே. எட்டு மணி நேர வேலை குழந்தையின் உரிமையும் ஆகும்.

அங்கன்வாடி ஊழியரின் நிலை இதைவிடக் கடினமானது. மழலையரின் ஆசிரியராக இருக்க வேண்டியவர் பதிவேடுகள், கைப்பேசிச் செயலிப் பதிவுகள், எடை பார்த்தல், வீட்டுச் சந்திப்பு, கணக்கெடுப்பு என்று பல வேலைகளைச் சுமக்கிறார். 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்தாலும் இவர்கள் இன்னும் 'தொண்டர்'களே, தொழிலாளர் அல்லர். இத்தகைய திட்டப் பணியாளர்களைத் தொழிலாளராக ஏற்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒன்றிய ஆட்சியாளர்களோ அவர்களைப் பணியாளராக ஏற்கத் தயங்குகின்றனர். மேடைகளில் குழந்தைகளின் ஒழுக்கத்தைப் பற்றி முழங்குபவர்களும் அவர்களே.

செய்ய வேண்டியவை

விக்டர்ஸ், தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி போன்ற அரசு அலைவரிசைகள் மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ளவர்களுக்காக நாள்தோறும் விளம்பரமற்ற நேரத்தை ஒதுக்க வேண்டும். கதைகளில் சண்டையின் நீளம் குறைந்து, சமாதானத்தின் நீளம் கூட வேண்டும். பாடத்தைப் பாத்திரமே எளிய சொற்களில் சொல்ல வேண்டும். கறுப்பு நிறத்தையும் உடற்குறையையும் ஏழ்மையையும் தீய குணத்தின் அடையாளமாக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தமிழும் மலையாளமும் கன்னடமும் பழங்குடி மொழிகளும் எல்லை தாண்டிப் பரிமாறப்பட வேண்டும். தமிழ்நாடு தயாரிக்கும் கதை ஸ்ரீவராகத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும், கேரளம் தயாரிக்கும் கதை கன்னியாகுமரி மாவட்டத்து மலையாளப் பிள்ளைக்கும் கிடைப்பதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

ஒவ்வோர் அங்கன்வாடியிலும் இருபது நிமிடம் பார்த்தல், நாற்பது நிமிடம் பேசுதலும் நடித்தலும் என்ற முறை வர வேண்டும். திரை அணைந்த பிறகு நடப்பதே பாடம் என்று ஊழியருக்குப் பயிற்சி தரப்பட வேண்டும். அதற்கான நேரம் கிடைக்கும் வகையில் பிற வேலைகள் அவரிடமிருந்து எடுக்கப்பட வேண்டும். அவர் நிரந்தரப் பணியாளராக, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உரியவராக ஆக்கப்பட வேண்டும். கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் வேலை நேர வரம்பு கண்டிப்பாகச் செயல்படுத்தப்பட வேண்டும். 13 வயதுக்குட்பட்டோரை நோக்கிய விளம்பரத்துக்குத் தடைச்சட்டம் வேண்டும்.

பகிர்தலும் தோழமையும் நேர்மையும் தனிமனித ஒழுக்கங்களாகப் பிறப்பதில்லை. பகிர்ந்து வாழும் இடத்தில், பேசுவதற்கு நேரமுள்ள மனிதரிடையே அவை வளர்கின்றன. அந்த இடத்தையும் நேரத்தையும் உழைக்கும் மக்களுக்குப் பெற்றுத் தருவது தொழிற்சங்கங்களின், மாதர் அமைப்புகளின், வாலிபர் அமைப்புகளின் கடமை. அங்கன்வாடி ஊழியரின் ஊதியக் கோரிக்கையோடு மழலையர் ஒளிபரப்புக் கோரிக்கையும் இனி ஒரே பதாகையில் எழுதப்பட வேண்டும்.